மூன்று ஞாயிறு வாசித்த மன்றாட்டு

நர்ஸம்மா அந்த மன்றாட்டை மூன்று ஞாயிறு வாசித்தார். இரண்டு ஞாயிறுதான் என்று சாதிக்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மூன்றுதான். முதல் ஞாயிறு ஜெபமாலை மாதா திருநாளை ஒட்டி வந்தது. பீடத்தில் நீலத் துணி போட்டிருந்தார்கள். இரண்டாவது ஞாயிறு மழையில் கரண்ட் போய், மைக் இல்லாமல் வாசித்தார். இரண்டு என்று சொல்கிறவர்கள் அன்று பின்னால் உட்கார்ந்திருந்தவர்களாக இருக்கும். மூன்றாவது மறைபரப்பு ஞாயிறு. காணிக்கைப் பை வழக்கத்துக்கு மேல் ஒருமுறை சுற்றி வந்தது. எங்கள் கோயிலுக்கு ஐம்பது வயது நிறைந்த வருடம் அது.

அவர் பெரம்பலூரில் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் சிஸ்டர் என்றால் கான்வென்ட்டில் இருப்பவர்கள். அதனால் நர்ஸம்மா. குள்ளமான உருவம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். நாடி பார்த்த காலத்துப் பழக்கம். கணவர் முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

பொதுவாகச் சொல்லப்படும் எதையும் அவரால் பொதுவாகவே விட்டுவிட முடியாது. அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இதுதான். ஒருவர் உடம்பு சரியில்லை என்றால், எங்கே என்று கேட்பார். வயிறு என்றால், வயிற்றில் எங்கே என்று கேட்பார். விரலை வைத்துக் காட்டும்வரை விடமாட்டார். இருமலோடு வந்து திண்டாடும் ஆளிடம், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் எந்தக் கிரஷரில் வேலை என்று கேட்பார். எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் ஜல்லி உடைக்கும் கிரஷர்கள், இன்னொரு பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருந்தது.

இந்தப் பழக்கத்தோடு அவர் கோயிலுக்கும் வந்தார். ஒருமுறை எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சாமி பிரசங்கத்தில், ஏழைகள் பேறுபெற்றவர்கள் என்பதற்கு மனத்தில் எளிமையானவர்கள் என்று பொருள் சொன்னார். பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றபோது நர்ஸம்மா அவரிடம் போனார்.

"மனசுல ஏழைன்னா யாரு சாமி? நம்ம ஊர்ல ஒரு பேரு சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."

சாமி சிரித்துவிட்டார். இளவயதுக்காரர், நல்ல மனிதர். நர்ஸம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே பெயருக்காக நின்றுகொண்டிருந்தார்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் ஊரில் பன்னிரண்டு பேரை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்ட காலோடு வந்து உட்காருவார்கள். பாத்திரத்துத் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். குளிச்சுட்டு வந்த காலைக் கழுவுறது என்ன சேவை என்று நர்ஸம்மா கேட்டார். மறுவருடம் கிரஷரிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்களை உட்கார வைத்தார். பித்தவெடிப்பில் கல்தூள் அடைத்த பாதங்கள். பாத்திரத்துத் தண்ணீரை இரண்டுமுறை மாற்ற வேண்டியிருந்தது. சாமி முகம் சுளிக்காமல் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அதற்கடுத்த வருடம் கோயில் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவை, பன்னிரண்டு பேரும் வெள்ளை வேட்டியில்தான் வரவேண்டும் என்று முடிவெடுத்தது. கிரஷர் ஆட்கள் தாமாகவே நின்றுவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பேரவை காலனிக்குச் சேலையும் அரிசியும் கொடுக்கும். நர்ஸம்மாவும் வரிசையில் நின்று எடுத்துக் கொடுப்பார். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"இது தர்மம் சாமி. நியாயம் வேற. ரத்தம் போறவனுக்கு பிஸ்கட் குடுத்துட்டு வார்டுலேருந்து நான் வந்திருந்தா, டாக்டர் என்னைய வுட்டிருப்பாரா?"

கோயிலில் மன்றாட்டு வாசிக்கும் பொறுப்பை முந்தைய சாமி அவரிடம் கொடுத்திருந்தார், குரல் கணீரென்று இருக்கும் என்பதால். பிரசங்கம் முடிந்ததும் வாசகர் ஒவ்வொரு வேண்டுதலாக வாசிக்க, சபை முழுவதும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்லும் பகுதி அது. அச்சடித்த புத்தகத்தில் உலகத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக, ஏழைகளுக்காக என்று வரிசையாக இருக்கும். முதல் சில மாதங்கள் அப்படியே வாசித்தார். பிறகு ஒரு தவக்கால ஞாயிறு, ஏழைகளுக்காக என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். மேலத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தும் காலனிக் குழாயில் வராததால், குடத்தோடு கிரஷர் குட்டைக்கு நடக்கும் பெண்களுக்காக மன்றாடுவோம் என்றார். கேட்டருளும் என்று சபை சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே காலனிக்குத் தண்ணீர் வந்தது. மோட்டாரைச் சரிபார்க்க அதற்கு முன்பே ஆள் சொல்லியிருந்தார்கள். அதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காலனியில் யாரும் என்னைப் போல விசாரிக்கவில்லை. நர்ஸம்மா வாசித்தார், தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

யூபிலி அறிவிப்பு ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருநாள் பூசையில் வந்தது. டிசம்பரில் அமல உற்பவ மாதா திருநாளன்று ஆயரை, அதாவது பிஷப்பை, அழைத்து ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவது, முகப்பில் ஒரு வளைவு, மேலே கோபுரம். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். விழா மலருக்குக் கோயிலின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதனால்தான் நர்ஸம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"யூபிலின்னா என்னங்க சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். மோசேயின் சட்டத்தில் ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஊத வேண்டும். கஷ்டத்தில் கைமாறிப் போன நிலம் அந்தந்தக் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ஏனென்றால் நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் குடியிருப்பவர் மட்டுமே. இதை நான் சொன்னதும் தலையாட்டினார். "எக்காளத்துக்கு பேண்டு செட்டு சொல்லியாச்சு. நிலம்?" என்றார்.

அவர் கேட்டது கோயில் காட்டைப் பற்றி. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். கோயிலுக்குப் பின்னால், காலனியை ஒட்டிக் கிடக்கும் செம்மண் காடு அது. கோயில் எழும்பிய பஞ்ச காலத்தில், கோதுமையும் கஞ்சியும் கொடுத்து உயிரைக் காப்பாற்றிய சாமிக்கு, காலனிக் குடும்பங்கள் நன்றியாக எழுதிக் கொடுத்தது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். நான் பத்திரத்தைப் பார்த்ததில்லை, எனவே உறுதியாக எழுத மாட்டேன். அந்தக் குடும்பங்களே பிறகு பல வருடம், விளைச்சலில் கோயிலுக்குப் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு அதை உழுதார்கள் என்பது மட்டும் எல்லோரும் அறிந்தது. ஒரு கட்டத்தில் பேரவை வாரத்தை நிறுத்தியது. சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. அந்த வருடம் லாரி நிறுத்தும் இடத்துக்காக ஒரு கான்ட்ராக்டர் குத்தகை பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த மூன்று ஞாயிறுகள். உமது சட்டத்தின்படி, இந்த யூபிலி ஆண்டில், கோயில் காட்டைக் கொடுத்த குடும்பங்களுக்கே அது திரும்பக் கிடைக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம். மூன்று வாரமும் ஒரே வாசகம். மூன்று வாரமும் சபை கேட்டருளும் என்றது, பேரவைக்காரர்கள் உட்பட. கடைசியில் சாமி கையை விரித்து முடிவு ஜெபம் சொல்ல, எல்லோரும் ஆமென் சொன்னோம். முதல் வாரம் சாமி அவரைக் கூப்பிட்டு, ஏன் அம்மா இதெல்லாம் என்று மெதுவாகக் கேட்டாராம். வேதத்தில் இருப்பதைத்தான் வாசித்தேன் என்றிருக்கிறார்.

நவம்பர் முதல் வாரம், ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போனபோது, பக்கத்தில் கோயில் காடு வெட்டவெளியாகத் தெரிந்தது. கருவேலை வெட்டி, வேரைத் தோண்டி, உழுது, பாத்தி கட்டி, சின்ன வெங்காயம் நட்டிருந்தார்கள். தாள் விரல் உயரத்துக்கு மேலே வந்துவிட்டது. இத்தனையும் பின்பக்கம் நடந்ததால் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. பார்த்த சிலர், பேரவை அனுமதித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நர்ஸம்மா கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் இறங்கினார். நானும் கூடப் போனேன். செசிலி களை எடுத்துக்கொண்டிருந்தார். பஞ்சத்தில் காட்டை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவருடைய மருமகள். கணவர் கிரஷர் வேலைக்குப் போய் மூச்சு வாங்க வீட்டில் கிடந்தார்.

"யாரு நடச் சொன்னது செசிலி?"

"நீங்கதானம்மா வாசிச்சீங்க."

"நான் வாசிச்சது மன்றாட்டு."

"ஆமா. மூணு ஞாயிறு வாசிச்சீங்க. யாரும் தடை சொல்லல. சாமியும் ஆமென்னு சொல்லிட்டாரு. எங்க அக்கா மவளுக்கும் இப்பிடித்தான் மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு கல்யாணம் பண்ணி வெச்சாங்க."

எங்கள் கோயில்களில் திருமணத்துக்கு முன் மாப்பிள்ளை, பெண்ணின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். தடை இருப்பவர்கள் சொல்லலாம். மூன்றாவது ஞாயிறும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் கல்யாணம் உறுதி. காலனியில் ஒருவர் விடாமல் இதை அறிவார்கள். கோயிலில் ஒன்றை எல்லோர் முன்னாலும் மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் மறுப்பு வராமல் போனால், அது முடிந்த காரியம். அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டதில் எங்கே பிழை என்று இன்றுவரை என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

விதை வெங்காயம் மட்டும் பாடாலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கியது, அறுவடையில் திருப்பிக் கொடுப்பதாக. இந்த வெள்ளாமை கைக்கு வராவிட்டால் அந்தக் குடும்பங்களால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

நர்ஸம்மா குனிந்து ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தார். நாடி பார்ப்பது போலவே இருந்தது. "நல்லா வந்துருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் ஓலையாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு முன்பே தெரியுமா? பின்னாளில் நான் கேட்டேன். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொல்லை நடுவே தங்கை வீட்டில் அவர் போய்த் தங்கிவிட்ட சமயம். நோயில் குரல் தேய்ந்திருந்தது. "தெரியாது சார். தெரிஞ்சிருந்தா வாசிச்சிருப்பனா மாட்டனான்னும் தெரியல" என்றார். அடுத்த சாம்பல் புதனுக்கு முந்தின நாள் இறந்துபோனார்.

வரப்பிலிருந்து அவர் நேரே பங்களாவுக்குப் போனார். சாமி குடியிருக்கும் வீட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சாமிக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"நிலம் ஆயரோட மறைமாவட்டத்து பேர்ல இருக்கும்மா. குத்தகைக்கு மேலிடத்துல கையெழுத்தாயிடுச்சு. நான் வெறும் பங்குச் சாமி."

"அப்ப மூணு வாரமும் எதுக்கு சாமி ஆமென் சொன்னீங்க?"

சாமி, "எல்லா மன்றாட்டுக்கும் சொல்றதுதானேம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

நர்ஸம்மா நிலத்தைக் கேட்பதை அங்கேயே விட்டுவிட்டார். அறுவடைவரை நேரம் கேட்டார். சின்ன வெங்காயம் குறுகிய காலப் பயிர். மார்கழி பாதியில் பிடுங்கிவிடலாம். ஆனால் ஆயரும் விருந்தினரும் வரும் வண்டிகளை நிறுத்த ஊரில் வேறு வெட்டவெளி கிடையாது. திருநாளுக்கு முன் காட்டைச் சமன் செய்து தருவதைக் கான்ட்ராக்டர் தம் காணிக்கையாக ஏற்றிருந்தார். நர்ஸம்மா அவரைப் போய்ப் பார்த்தார். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். வெள்ளாமை நிக்கிற மண்ணுல ஜேசிபிய எறக்க எனக்கும் மனசு வரலீங்க, சாமி வேணாம்னா நிறுத்திடறேன் என்றார். சாமி, பேரவை சொன்னால் சரி என்றார். பேரவையில், சாமி என்ன சொன்னாலும் எங்களுக்குச் சரி என்றார்கள். வேப்பந்தட்டையிலிருந்து வரும் பேண்டு செட்டுக்காரர்களை எங்கே தங்கவைப்பது என்று பிறகு பேச்சு போயிற்று. நானும் அங்கே இருந்தேன். கெட்டவர் என்று சொல்லும்படி அந்த அறையில் ஒருவர்கூட இல்லை.

காட்டில் ஜேசிபி இறங்கப்போகிறது என்ற செய்தியைக் காலனிக்கு நர்ஸம்மாவே கொண்டுபோனார். வேறு யாரையும் அனுப்ப விடவில்லை. குழாயடியில் எல்லோரும் கூடி நின்றார்கள். அவர் சொல்லி முடித்ததும் செசிலி கேட்டார்.

"தடை யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏம்மா?"

எந்த வலியையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லும் மனுஷி, காட்ட ஓரிடமும் இல்லாமல் நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நர்ஸம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல, அது வாசிச்சது வேதம்" என்றார். அதைக் கேட்டதும்தான் அவர் அழுதார்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஜேசிபி வந்தது. காலையிலேயே குடும்பங்கள் இறங்கித் தாளோடு பிடுங்கத் தொடங்கிவிட்டன. நர்ஸம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு குனிந்தார். ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார், மதியம்வரை பொறுத்தார். அதுதான் அவரால் முடிந்தது. பிடுங்கியதில் அடியில் வெங்காயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சந்தையில் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

யூபிலிப் பூசை குறைவில்லாமல் நடந்தது. ஆயர் நல்ல பிரசங்கம் செய்தார். ஏழைகளின் பக்கம் நிற்கும் திருச்சபையைப் பற்றித்தான் பேசினார். அன்று மன்றாட்டுகளைக் கான்வென்ட் பிள்ளைகள் அச்சடித்த தாளிலிருந்து வாசித்தார்கள். நர்ஸம்மா தூணோரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காணிக்கைப் பவனி தொடங்கியது. மெழுகுவர்த்தி, பழத்தட்டு, அப்பம், திராட்சை இரசம். அதற்குப் பின்னால் காலனிக் குடும்பங்கள் வந்தன. செசிலி முன்னால். ஒவ்வொருவர் கையிலும் வெங்காயத் தாள் ஒரு கட்டு, சிவப்பு ரிப்பனால் கட்டி. மைக்கில் ஒருவர், நம் உழவர் பெருமக்களின் உழைப்பின் முதற்கனிகள் என்று அறிவித்தார். ஆயர் முகம் மலர்ந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். பின்னாலிருந்து கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற பங்குச் சாமி தலைநிமிரவில்லை. கோயில் முழுக்கப் பச்சை வெங்காய வாசனை.

நர்ஸம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பூசை முடியும்வரை விடவில்லை.

பிறகு கோயில்பிள்ளை பீடத்தைச் சுத்தம் செய்து, வதங்கிய கட்டுகளை வெளியே குவித்தார். நர்ஸம்மா அவற்றை ஒன்றுவிடாமல் ஒரு துணிப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு செசிலியைத் தேடிப் போனார். பந்திக்குப் போகும் கூட்டத்தில், குகை போல் கட்டிய மாதா கெபி பக்கம் அவரைப் பிடித்தார்.

"இந்தா, எடுத்துட்டுப் போ. கொழம்புக்காவது ஆவும். இது இங்க இருக்கக் கூடாது. உங்களுது உங்ககிட்டதான் இருக்கணும்."

செசிலி பின்வாங்கினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாரே தவிர நீட்டவில்லை.

"சாமிக்குன்னு குடுத்தத திரும்ப வாங்குறது பாவம் இல்லியாம்மா?"

கிண்டலோ கோபமோ இல்லை. வேதம் படித்தவரிடம் தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. நர்ஸம்மாவின் வாய் திறந்தது. மோசேயின் சட்டம், எக்காளம், ஐம்பதாம் ஆண்டு எல்லாம் அவருக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்தப் பெண் நம்புவாள். போன தடவை நம்பியது போலவே நம்புவாள். வாய் திறந்தபடியே இருந்தது.

செசிலி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, கெபியின் முன்னால் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா, காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று அவர் கையைப் பிடித்தார். வண்டிகள் நின்ற சமன்செய்த மண்ணைச் சுற்றிக்கொண்டு, பந்தியை நோக்கி அழைத்துப் போனார். நர்ஸம்மா கூடவே போனார்.